காய்ந்த கொங்கிறீற்றும் பதினாலு தகரமும்

மச்சாள்,

மூன்று நாளாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து வினாகிரி மணம் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் வருவது அந்தப் புளிப்புத்தான். பக்கத்தில் இருந்து சாப்பிடமாட்டேன் என்று உன் அண்ணன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். போகட்டும். இந்த மணம் மூக்கில் ஏறும்போதெல்லாம் நீ வந்து என் முன்னால் குந்துகிறாய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இன்றைக்கு மில்லைப் பிந்தித் திறந்தாலும் பரவாயில்லை என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. உன்னோடு கொஞ்சம் சண்டையும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நீ போன அடுத்த வருடம், நெடுங்கேணிச் சந்தைக்குப் போகிற ரோட்டில் எங்கள் மில்லுக்குப் பக்கத்துக் காணியை வவுனியாவிலிருந்து வந்த ஒருவன் வாங்கினான். மாடி வைத்துக் கடை கட்டுகிறான் என்று சனம் அவனுக்கு மாடிக்காரன் என்றே பேர் வைத்துவிட்டது. கதையில் குறை சொல்ல முடியாது. வாய்க்கு வாய் அக்கா என்பான். எங்கள் மில்லில் மிளகாய் அரைபடும்போது மேலே நின்று தும்மித் தும்மிக் கண்ணைத் துடைப்பானே தவிர, ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மிளகாய்த் தூள் மூக்கில் ஏறினால் மனுசனுக்குக் கோபம் வரவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மில்லைப் பூட்டிவிட்டு ஜெயபுரத்துக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். அன்றைக்குப் பார்த்து அவன் மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போட்டிருக்கிறான். ஒரு சாக்குத் திரை கட்டவில்லை, ஒரு தறப்பாள் விரிக்கவில்லை. மேலேயிருந்து கொட்டுண்டதும் தெறித்ததும் எல்லாம் எங்கள் மில்லின் அந்தப் பக்கத்துத் தகரச் சுவரில். நாங்கள் திங்கட்கிழமை திரும்பி வந்து பார்த்தபோது பதினாலு தகரமும் சாம்பல் நிறத்தில் கொப்பளித்துக்கொண்டு நின்றன. பச்சையாக இருக்கும்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் எல்லாம் வடிந்து போயிருக்கும். அதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவனே வந்துவிட்டான்.

"அக்கா, பிழை எங்கடதான். பழைய தகரம்தானே, நான் முழுக்கப் புதுத் தகரம் வாங்கித் தாறன். ஆள் விட்டு நானே கழட்டி அடிச்சும் தாறன். நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம்."

"கழட்ட வேண்டாம்," என்றேன். "நிக்கிற நிலையிலேயே துடைச்சுத் தாருங்கோ."

"காய்ஞ்ச கொங்கிறீற் போகாது அக்கா. நாளைக்கு அது உதிர்ந்து ஆணி ஓட்டையாலை மாவுக்குள்ளை விழும். பிறகு சனம் உங்களிட்டை மா அரைக்க வராது. நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

நியாயம்தான். கேட்டுக்கொண்டு நின்ற எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உன் அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோசம். "பின்னை என்னப்பா, புதுத் தகரம் கிடைக்குதெல்லோ. ஏன் இந்த விசர்ப் பிடிவாதம்?" என்றார். உன் அண்ணனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாராவது சிரித்துக் கேட்டால் உடுத்த வேட்டியையும் அவிழ்த்துக் கொடுக்கிற ஆள்.

எனக்கு மட்டும் உன் குரல் காதுக்குள் நின்றது. ஆசுபத்திரிக் கட்டிலில், கடைசிக் கிழமை, கதைக்க மூச்சு இல்லாமல் விட்டு விட்டுச் சொன்னாயே. "அந்தப் பக்கத்துத் தகரத்திலை... ஒருத்தரையும்... கை வைக்க விடாதை." நான் ஓம் என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தகரம்தான் உன் காணிக்கு எல்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது உன் சீதனக் காணி, உன் மகளுக்குப் போகிற காணி. காணி உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. பிரதி எடுக்க அவள் வவுனியாவுக்கும் இங்கேயுமாக அலைந்து, கடைசியில் காணி அலுவலகத்தார் வியாழக்கிழமை அளக்க வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை அளக்க ஆள் வர, திங்கட்கிழமை தகரத்தைக் கழட்ட ஆசைப்படுகிறான் ஒருவன். வேலியைப் புதுப்பிக்கிறோம் என்று கழட்டிவிட்டு, திரும்பக் கட்டும்போது கதியால் கட்டைகளை நாலு விரல் தள்ளி நடுகிற சாதி நாங்கள். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அண்ணன் தம்பியோடு பேசாமல் இருப்பது அதனால்தானே. இது எனக்குத் தெரியாதா?

"கொங்கிறீற் போனால்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "போனால் தகரம் நிக்கட்டும் அக்கா. வியாழன் விடிய வந்து பாக்கிறன். போகாட்டிக் கழட்டுவம்."

நான் பதில் சொல்லுமுன் உன் அண்ணன், "ஓம் தம்பி, அதுதான் சரி," என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனுசனை அந்த இடத்திலேயே மாவரைக்கிற மெசினுக்குள் போட்டிருப்பேன். ஆனால் வாக்கு வாக்குத்தான். கையில் இரண்டு நாள் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாங்கள் முதன்முதலில் கொங்கிறீற்றோடு மல்லுக்கட்டியது? யுத்தம் முடிந்து, செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து நீ முதலில் விடுபட்டாய். நாங்கள் ஐந்து கிழமை பிந்தினோம். நாங்கள் வந்து இறங்கியபோது நீ தனியாளாகக் கப்பு நட்டு, கூரை ஏற்றி, மூன்று பக்கமும் தகரம் அடித்து முடித்திருந்தாய். மெசினை வைக்க நிலத்துக்குக் கொங்கிறீற் போடவேண்டும். குழைக்கப் பலகை இல்லை. முன்பக்கத்துக்கு என்று மிச்சம் வைத்திருந்த இரண்டு தகரத்தையும் நிலத்தில் விரித்து அதன்மேல் குழைத்தோம். அந்த வருடம் வன்னிக்குத் திரும்பி வந்து சீமெந்தைத் தொட்ட எல்லோரும் செய்த பிழைதான் அது. வேலை முடிந்த களைப்பில் கழுவாமல் படுத்துவிட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு தகரமும் கல்லாகிக் கிடந்தன. கதவுப் பக்கம் திறந்து கிடக்க, மாரி வரப்போகிறது.

நான் அலவாங்கை எடுத்து வெறி பிடித்தவள் மாதிரிச் சுரண்டினேன். சீமெந்து போனது. கூடவே தகரத்தின் வெள்ளைப் பூச்சும் போனது. நீ வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நீ சீமெந்தை எடுக்கேல்லை மச்சாள், தகரத்தைச் சுரண்டி எடுத்துப்போட்டாய். ஒரு மாரிக்குத் தாங்கும், பிறகு ஊருக்கே யன்னல்," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். அப்படியே நடந்தது. அடுத்த வருடம் அந்தத் தகரத்தில் என் தலை போகிற அளவுக்கு ஓட்டை.

மற்றத் தகரத்தை நீ எடுத்தாய். நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னாய். ஒரு கொட்டன் தடியில் பழஞ்சாரத் துணியைச் சுற்றி, சீமெந்து ஒட்டாத பின்பக்கத்தால் மெல்ல மெல்லத் தட்டினாய். முன்பக்கத்தில் கட்டி கட்டியாக உதிர்ந்தது. "தகரம் வளையும். சீமெந்து வளையாது. அதாலைதான் அது விழுது," என்றாய். வாய்தான் அப்படிச் சொன்னது, நீ எங்கே மச்சாள் வளைந்தாய்? ஒட்டிக்கொண்டு நின்ற மெல்லிய படைக்கு வினாகிரியில் நனைத்த சாக்கைப் போட்டாய். "வைச்சிட்டுக் கதைச்சுக்கொண்டு நிக்காதை. அது சீமெந்தைத் திண்டு முடிச்சாத் தகரத்தையும் தின்னும்," என்று எண்ணி எண்ணிப் பார்த்து எடுத்தாய். தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்தாய், தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாய். யாரிடம் படித்தாய் என்று கேட்டேன். "பட்டினி கிடந்து படிச்சனான்," என்றாய். அது எந்தக் கேள்விக்கும் நீ வைத்திருந்த பதில்.

செவ்வாய்க்கிழமை விடிய நான் மில்லுக்குள் நின்று கொட்டனை எடுத்தேன். பழஞ்சாரம் உன் அண்ணனுடையது, கேட்காமல்தான் எடுத்தேன். தகரம் தகரமாக உள்ளேயிருந்து தட்டத் தட்ட வெளியே பொலபொலவென்று விழுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசத்தில் வேர்த்தது. மிளகாய் அரைக்க வந்த பெட்டை ஒருத்தி வாசலில் நின்று, "என்ன மாமி, மேளக் கச்சேரியோ?" என்றாள். "ஓம், மாடிக்காரனுக்குக் கலியாணம்," என்றேன். பின்னேரம் அவன் தன் வேலைக்காரனிடம் ஒரு கம்பித் தூரிகையைக் கொடுத்து அனுப்பினான், உதவியாம். அதால் தேய்த்தால் பூச்சுப் போய், கறள் பிடித்து, அடுத்த மாரிக்குள் தகரம் தானாக விழும். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

புதன்கிழமை வெளிப்பக்கம். அவனுடைய சுவருக்கும் எங்கள் தகரத்துக்கும் இடையில் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான். மேலே அவன் யன்னல் தட்டுக் குடை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே கல்லும் சல்லியும் கொட்டி நிரவியிருந்தான். நீ போனபிறகு அந்தச் சந்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை. சாக்கை நனைத்து ஆணியில் தொங்கவிட்டு, நூறு எண்ணி, எடுத்து, பனைமட்டைத் துண்டைச் சீவி மிச்சத்தைச் சுரண்டி, பொச்சுமட்டை, பிறகு தண்ணீர். எட்டுத் தகரம் முடிந்தது. முதுகு இரண்டாகப் போகிறது. ஒன்பதாவது தகரத்தடியில் விழுந்த கட்டியை அள்ளக் குந்தினேன்.

அங்கே, அவனுடைய சுவரடியில், ஒரு கிளுவைக் கதியாலின் அடிக்கட்டை. சல்லியைக் கையால் விலக்கினேன். இரண்டு அடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று, பழைய முட்கம்பித் துண்டு ஒன்று மரத்துக்குள் தைத்தபடி. மூன்றும் ஒரே நேர்கோட்டில். மூன்றையும் நிலத்தோடு நிலமாக அரிந்திருந்தார்கள். அரிந்த வாய் கறுக்கவில்லை, இன்னும் வெள்ளை. ஒன்றில் பக்கத்தால் பச்சைத் துளிர் வெடித்திருந்தது. நான் முழங்கையைத் தகரத்தில் வைத்து விரலை நீட்டினேன். விரல் நுனி கட்டையில் முட்டியது.

சரியாக ஒரு முழம் மச்சாள். எல்லை தகரம் இல்லை. எல்லை அதற்கு ஒரு முழம் அப்பால்.

அப்படியே சல்லிக்கு மேல் குந்திவிட்டேன். அப்போதுதான் அந்த முதல் மழை ஞாபகம் வந்தது. தகரக் கூரையால் தண்ணீர் வரிவரியாக ஊற்றுகிறது. நான் உன்னை ஏசிக்கொண்டு நிற்கிறேன், கொட்டிலை ஏன் இப்படி ஒடுக்கமாகப் போட்டாய், வேலி வரைக்கும் இழுத்து அடித்திருக்கலாமே என்று. நீ சொன்னாய், "கூரைத் தண்ணி எங்கட காணிக்குள்ளைதான் விழவேணும். மற்றவன்ரை நிலத்திலை ஊத்தக்கூடாது." நான் சிரித்தேன். சுற்றிவரப் பற்றைக்காடு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குடும்பம் இல்லை. "ஆர் மற்றவன்? அங்காலை ஆளே இல்லையே," என்றேன். "வருவினம்," என்றாய். அவ்வளவுதான். வராத அயலுக்காக உன் நிலத்தில் ஒரு முழம் உள்ளே தள்ளிச் சுவர் வைத்தவள் நீ. நான் அதை முழுதாக மறந்துபோனேன்.

மறந்தது மட்டுமா? மாடிக்காரன் காணி வாங்கிய புதிதில் வந்து, "அக்கா, எல்லை எது?" என்று கேட்டபோது தகரத்தில் கையால் அடித்துக் காட்டியவள் நான்தான். ஊர் முழுக்கத் தகரம்தான் எல்லை என்று கத்தியவளும் நான்தான். உன் மகளின் நிலத்தில் ஒரு முழத்தை என் வாயாலேயே எடுத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் கதியாலைப் பார்த்தான். உண்மை தெரிந்தது. சத்தம் போடாமல் அரிந்துவிட்டான். இனித் தகரத்தையும் கழட்டினால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம்தான் பெரிது. ஏன் முழுதாகச் சொல்லவில்லை? இன்னும் நாலு சொல் சொல்ல உனக்கு மூச்சு இல்லாமல் போனது என்று தெரியும். தெரிந்தும் கோபம்தான். நீ செத்தது எனக்கு இன்றுவரைக்கும் பிடிக்கவில்லை. அந்தச் சந்துக்குள் இருந்து நன்றாக அழுதேன்.

மேலே யன்னலில் அவன் தலை தெரிந்தது. "என்னக்கா தேடுறியள்?"

"தோடு கழண்டு விழுந்திட்டுது தம்பி," என்றேன். நனைந்த சாக்கை மூன்று கட்டைக்கும் மேலே இழுத்துப் போட்டேன். மிச்ச ஆறு தகரத்தையும் எடுத்து முடிக்காமல் நான் எழும்பவில்லை. இனி அந்தத் தகரம் நிற்கவேண்டும். ஒரு முழம் என்று சொல்ல, எங்கேயிருந்து ஒரு முழம் என்று காட்டவேண்டாமா? உன் அண்ணனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் வயிற்றில் ஒன்றும் தங்காது.

வியாழன் முதல் பஸ்ஸில் உன் மகள் வந்து இறங்கினாள். கிராம சேவையாளர் வந்தார். அளக்கிறவர் கயிறும் முளையுமாக உதவியாளோடு வந்தார். மாடிக்காரன் எல்லோருக்கும் முன்னால் வந்து தகரத்தைத் தடவிப் பார்த்தான். அங்கங்கே நிழல் மாதிரிச் சாம்பல் திட்டு, வேறொன்றும் இல்லை. ஒரு கீறல் இல்லை. அவன் முகம் ஒரு கணம் செத்துப் பிறகு சிரித்தது. "அக்கா சொன்னாச் சொன்னதுதான். தகரம் நிக்கட்டும்."

அளக்கிறவர் கேட்டார், "அப்ப இந்தத் தகரந்தானே எல்லை?"

"ஓம் ஐயா. அக்காவையே கேளுங்கோ," என்றான் மாடிக்காரன். உன் அண்ணனும் தலையாட்டினார்.

"இல்லை," என்றேன். "எல்லை அங்கை." நானே போய்ச் சாக்கை விலக்கினேன்.

எல்லோரும் சந்துக்குள் தலையை நீட்டி அந்த மூன்று கட்டையையும் பார்த்தார்கள். பிறகு அவன்தான் தொடங்கினான். "நேற்று வரைக்கும் தகரந்தான் எல்லை எண்டு கத்திக்கொண்டு நிண்டது நீங்கள்தானே அக்கா? எனக்குக் காட்டித் தந்ததும் நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். அப்ப எனக்குத் தெரியாது. இண்டைக்குத் தெரியும். இந்தக் கதியாலை அரிஞ்சவருக்கு முதலே தெரிஞ்சிருக்கு."

அளக்கிறவர் குந்தி அந்த வெள்ளை வாயை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த பழைய படத்தை விரித்து, சந்தி மதகிலிருந்து கயிறு பிடித்து அளந்து வந்தார். அந்த நேரம் முழுக்க உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வினாகிரி மணக்கிறது மாமி என்று சொல்லவில்லை. முளையை நாட்டிச் சுத்தியலால் அடித்தபோது அது மூன்றாவது கட்டைக்குப் பக்கத்தில் நின்றது. நீட்டின தட்டை உள்ளே எடுக்கவேண்டிவரும் என்று மாடிக்காரனிடம் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

பின்னேரம் அவன் தனியாக வந்தான். முதன்முறையாக முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது.

"அக்கா, ஒரு முழந்தானே. எனக்கு ஒரு வாய்க்கால் போட இடம் போதாது. விலைக்கெண்டாலும் தாங்கோ. இவ்வளவு காலமும் நீங்கள் அந்த இடத்தைப் பாவிச்சதே இல்லை. செத்துப்போன அவாவே வேண்டாமெண்டு விட்ட இடந்தானே அது."

உன் மகள் என்னைப் பார்த்தாள். "மாமி, நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். உன் அண்ணன் இரங்கத் தொடங்கிவிட்டார், "பாவமப்பா..." என்று வாய் எடுத்தார்.

"அவா மழைக்கு விட்டவா. உமக்கு விடேல்லை," என்றேன்.

அவன் போய்விட்டான். உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இது தங்கச்சியின்ரை வாயெல்லோ," என்றார்.

உண்மைதான் மச்சாள். உன்னை எரித்துவிட்டு வந்த கிழமையில் உன் சாமான்களைப் பிரித்தார்கள். சங்கிலி மகளுக்கு, சேலைகள் மகளுக்கு, அவள் படித்து முடிக்கும்வரை மில்லைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. வாய் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாக இல்லை.